ஐந்து வருட இடைவெளி, பனியன் கம்பெனி வேலை: கவர் லெட்டரில் என்ன எழுதுவது?

செக்கிங்டேபிள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அவிநாசியில் இருந்து எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் 2014 முதல் 2020 வரை குவாலிட்டியில் இருந்தேன். செக்கிங் டேபிளில் ஆரம்பித்து, கடைசி இரண்டு வருடம் லைன் க்யூ.சி. (தையல் லைனிலேயே நின்று தரம் பார்க்கும் வேலை). பையன் பிறந்ததும் நின்றுவிட்டேன். அடுத்த வருடமே மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. இப்போது பையன் பள்ளிக்கூடம் போகிறான், மாமியாரும் கம்பு ஊன்றி நடக்கிறார். "நீ கிளம்பு, சமையல் நான் பார்த்துக்கிறேன்" என்று அவரே சொல்லிவிட்டார்.

போன வாரம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஜூனியர் மெர்ச்சன்டைசர் (பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலை), குழந்தைகள் ஆடை, ஐரோப்பிய பையர்கள், குவாலிட்டி அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை, ரெஸ்யூமுடன் கவர் லெட்டர் அனுப்பவும். மற்றதெல்லாம் எனக்குப் பொருந்துகிறது. கவர் லெட்டர்தான் பிரச்சினை. முதல் வேலைக்கு நான் லெட்டரே எழுதவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கூட்டிக்கொண்டு போய் சூப்பர்வைசர் முன்னால் நிறுத்தினார், மறுநாளே டேபிளில் உட்கார்ந்துவிட்டேன்.

நெட்டில் நாலைந்து மாதிரிகளைப் பார்த்து ஒன்று தயார் செய்தேன். ஆங்கிலத்தில்தான் அனுப்புவேன். இங்கே தமிழில் போடுகிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் ஜூனியர் மெர்ச்சன்டைசர் பணியிடம் காலியாக இருப்பதை அறிந்து மிகுந்த ஆர்வத்துடன் விண்ணப்பிக்கிறேன். நான் கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுபவள், எதையும் விரைவில் கற்றுக்கொள்பவள். ஜவுளித் துறையில் 6 ஆண்டு அனுபவம் உண்டு. குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கடந்த 5 ஆண்டுகளாகப் பணிக்குச் செல்ல இயலவில்லை, அதற்காக வருந்துகிறேன். எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு என் முழுத் திறமையையும் அர்ப்பணிப்பேன் என்று பணிவுடன் உறுதியளிக்கிறேன். தங்கள் உண்மையுள்ள."

படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அனுப்பக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

பைபாஸ்_ரைடர்

அக்கா, திருப்பூரில் எவர் கவர் லெட்டர் படிக்கிறார்? ரெஸ்யூமை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு ஒரு போன் போடுங்கள். நான் மூன்று கம்பெனி மாறிவிட்டேன், ஒரு லெட்டர்கூட எழுதியதில்லை. தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால் வேலை முடிந்தது. லெட்டரை உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தால் அதற்குள் ஆள் எடுத்துவிடுவார்கள்.

பழையமெர்ச்சண்ட்

தம்பி சொல்வது பாதி சரி. தெரிந்தவர் இருந்தால் லெட்டர் தேவையில்லை. இந்த அம்மணிக்கு உள்ளே தெரிந்தவர் இல்லை, அதனால்தானே இங்கே கேட்கிறார். தவிர, விளம்பரத்திலேயே "கவர் லெட்டர் அனுப்பவும்" என்று கேட்டிருக்கிறார்கள். பையர் கேட்ட சேம்பிளை அனுப்பாமல் "போனில் சொல்கிறேன்" என்றால் ஆர்டர் கிடைக்குமா?

நான் மெர்ச்சன்டைசிங்கில் 23 வருடம் இருந்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். கடைசிப் பத்து வருடம் என் டீமுக்கு நானே ஆள் எடுத்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு ஏன் அனுப்பக் கை வரவில்லை என்று பார்ப்போம். உங்கள் லெட்டரில் "ஜூனியர் மெர்ச்சன்டைசர்" என்பதை அடித்துவிட்டு "லேப் டெக்னீஷியன்" என்று போடுங்கள். "ஜவுளித் துறை" இருக்கும் இடத்தில் "மருத்துவத் துறை". அவ்வளவுதான், அப்படியே ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அதில் உங்களைக் காணோம். கையெழுத்துப் போட வேண்டிய ஆள் லெட்டருக்குள் இல்லை, அதனால்தான் கை வரவில்லை.

இது உங்கள் குற்றம் இல்லை. நம் எல்லோருக்கும் லெட்டர் எழுதச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம். அங்கே கற்றது லீவ் லெட்டர். அனுப்புநர், பெறுநர், ஐயா, எனக்குக் காய்ச்சல், ஆகையால் இரண்டு நாள் விடுப்பு அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அதே லெட்டர், தேதியும் பெயரும்தான் மாறும். பெரியவர்களான பிறகும் வேலை கேட்டு நாம் லீவ் லெட்டர்தான் எழுதுகிறோம். லீவ் கேட்கும்போது பணிந்து கேட்க வேண்டும், சரி. வேலை கேட்பது அப்படியில்லை. அவருக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. விளம்பரம் கொடுத்தவர் அவர்தானே?

அந்த விளம்பரத்தை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். "குவாலிட்டி அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை." ஜூனியர் மெர்ச்சன்டைசருக்கு வழக்கமாக என்ன கேட்பார்கள்? எக்ஸெல், ஆங்கிலம், பையரோடு மெயிலில் பேசிப் பழக்கம். இவர் குவாலிட்டி கேட்கிறார். ஏன்? என் ஊகம் இது: அவருடைய மெர்ச்சண்டுகள் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பையர் கமென்ட்டை ஃபேக்டரிக்கு ஃபார்வேர்டு செய்கிறார்கள், லைனில் என்ன தப்பு நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் போய் மாட்டுகிறது. ஒரு ஷிப்மென்ட் ஃபெயில் ஆகி கப்பலுக்குப் பதில் விமானத்தில் செலவு செய்து அனுப்பியிருப்பார்களோ என்னவோ. அந்த வலியில் எழுதிய வரி அது. உங்கள் லெட்டர் பதில் சொல்ல வேண்டியது அந்த வரிக்கு.

2012 வாக்கில் எனக்கு வந்த ஒரு விண்ணப்பம் இன்றும் நினைவில் இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கையில் ஆர்டர் இருக்கிறது, துணி இருக்கிறது, சாயம் போட இடமில்லை. வெளிமாநிலத்துக்கு லாரி ஏற்றி அனுப்பினோம். அந்தப் பையன் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதியிருந்தான். பட்டறை மூடிய மாதம் நாலு டன் துணியோடு நானும் லாரியில் போனேன், மூன்று லாட்டில் ஒன்று ஷேட் மாறி வந்தது, அங்கேயே நின்று மறுபடி போட வைத்தேன் என்று. நடுவில் "ஐ ஸ்லீப்பிங் இன் லாரி டூ நைட்ஸ்" என்று ஒரு வாக்கியம். இலக்கணம் உதைக்கிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனை அன்று மாலையே கூப்பிட்டேன். அதே வாரம் வந்த நாற்பது சொச்சம் மெயில்களில் "கடின உழைப்பாளி" எத்தனை பேர் என்று எண்ணவில்லை. லாரியில் தூங்கியவன் ஒருத்தன்தான்.

ஆகவே அம்மணி, எனக்கு ஒன்று சொல்லுங்கள். ஆறு வருடத்தில் நீங்கள் கண்டுபிடித்த, நீங்கள் மட்டும் கவனித்த ஒரு தப்பு எது? எத்தனை பீஸ், என்ன ஆடை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பிறகு என்ன ஆயிற்று? லெட்டர் மொழியில் வேண்டாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து டேபிள் பெண்ணிடம் சொல்வது போலச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். "அதற்காக வருந்துகிறேன்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். மாமியாரைப் பார்த்துக்கொண்டதற்கு யாரிடம் மன்னிப்பு?

செக்கிங்டேபிள்

அண்ணா, ரொம்ப நன்றி. லேப் டெக்னீஷியன் வரியைப் படித்து என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார், எனக்குத்தான் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

நீங்கள் கேட்ட மாதிரி ஒன்று இருக்கிறது. 2019. கைக்குழந்தைகளுக்கான ராம்பர், 3,000 பீஸ். 160 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி, கால் சந்தில் ஸ்னாப் பட்டன். 400 பீஸ் போல லைனில் இறங்கியிருந்தது. நான் சும்மா கையில் எடுத்து ஒரு பட்டனைத் திறந்து மூடினேன். நாலாவது தடவை பட்டனைச் சுற்றி ஊசி முனை அளவுக்கு ஓட்டை தெரிந்தது. இன்னும் பத்து பீஸ் எடுத்துப் பார்த்தேன், மூன்றில் அதேதான். பட்டியை உள்ளே பிரித்துப் பார்த்தால் துணிக்கு உறுதி தரும் ஒட்டு கேன்வாஸ் வைக்கவே இல்லை. அப்ரூவல் சேம்பிளில் இருந்தது, கட்டிங்கில் விட்டுவிட்டார்கள். துணி மெல்லிசு, பட்டனின் பல் துணியைத் தின்றுகொண்டிருந்தது.

லைனை நிறுத்துங்கள் என்றேன். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். "பையரோட இன்ஸ்பெக்டர் சோதிக்க 125 பீஸ் எடுப்பான், 7 வரைக்கும் விடுவான், நீ எதுக்கு உயிரை வாங்கறே" என்றார். மேஜர் டிஃபெக்டுக்குத்தான் (பெரிய குறை) அந்த 7. குழந்தை வாயில் போகிற பட்டன் கழன்றால் அது கிரிட்டிக்கல், ஒன்று வந்தாலே மொத்த ஷிப்மென்ட்டும் ஃபெயில். அதைச் சொன்னேன். கேட்கவில்லை. நேராக மேனேஜரிடம் பீஸை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, இழுத்துப் பாருங்கள் சார் என்றேன். கிழிந்தது. ஸ்னாப் ஒரு தடவை அடித்துவிட்டால் ஓட்டை விழுந்துவிடும், அதனால் 400 பீஸுக்கும் பட்டியையே வெட்டி மாற்றினோம். இரண்டு நாள் ராத்திரி பதினொரு மணி வரை ஓடியது. பையர் கேட்ட 90 நியூட்டன் இழுவைச் சோதனையில் தேறி, சொன்ன தேதியில் கன்டெய்னர் ஏறிவிட்டது.

இதை லெட்டரில் எழுதினால் பெருமை பேசுவது போல இருக்காதா? சூப்பர்வைசரைக் குறை சொல்வது போலவும் ஆகிவிடுமே?

இன்னொன்று, இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக எங்கள் தெருவில் இருக்கும் பவர் டேபிள்காரருக்கு (கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்) சனிக்கிழமை சனிக்கிழமை ஃபைனல் செக்கிங் செய்து கொடுக்கிறேன். பீஸ் கணக்கில் காசு. சம்பள ரசீது, ஐ.டி. கார்டு எதுவும் இல்லை.

கணக்குவாத்தியார்

நான் ஜவுளிக்காரன் இல்லை, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவன். இடைவெளியை எப்படி எழுதுவது என்ற கேள்வியைப் பார்த்ததும் எங்கள் ஆள் ஒருவரின் விண்ணப்பம் ஞாபகம் வந்தது.

சீனிவாச ராமானுஜன். 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் காலியாக இருந்த குமாஸ்தா வேலைக்கு அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். மொத்தமே சில வரிகள்தான். அதன் சாரம் இது: தங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன், விண்ணப்பிக்கிறேன். மெட்ரிகுலேஷன் தேறி, எஃப்.ஏ. (அந்தக் காலக் கல்லூரியின் முதல் கட்டப் படிப்பு) வரை படித்தேன். சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியவில்லை. ஆனால் என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து வந்திருக்கிறேன். இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

கவனியுங்கள். எஃப்.ஏ. தேர்வில் அவர் தவறியவர். கும்பகோணம் கல்லூரியில் ஒரு முறை, சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் படித்த பிறகு ஒரு முறை. அந்தக் கதையை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார். பொய் சொல்லவில்லை, அழவும் இல்லை. "ஆனால்" என்று அடுத்த வாக்கியம் ஆரம்பிக்கிறது பாருங்கள், அந்த வருடங்களில் என்ன செய்தேன் என்பது அங்கே வந்துவிடுகிறது. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் கூடவே இருந்தது. மார்ச் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய் சம்பளம்.

அடுத்த வருடம், 1913 ஜனவரி 16-ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும் முதல் வரியிலேயே நான் இன்ன அலுவலகத்தில் வருடம் வெறும் 20 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தா என்று சொல்லிவிட்டுத்தான் கணக்குக்குப் போகிறார். அதில் தன் வயது சுமார் 23 என்று எழுதியிருப்பார், உண்மையில் 25. வாத்தியாராக இருந்ததால் இந்தத் தப்பு மட்டும் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் வயதைச் சரியாகப் போடுங்கள்.

உங்களுக்கு அந்த "ஆனால்" வாக்கியம் கையிலேயே இருக்கிறது அம்மா. சனிக்கிழமைச் செக்கிங்.

பழையமெர்ச்சண்ட்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். இது எனக்குத் தெரியாத செய்தி. அந்த லெட்டரிலும் இரந்து கேட்கிறேன் என்ற மாதிரிச் சொல் இருந்திருக்குமே?

கணக்குவாத்தியார்

இருக்கிறது. முதல் வாக்கியத்திலேயே "பெக்" வருகிறது. 1912-இல் வெள்ளைக்காரன் ஆபீசுக்கு அப்படித்தான் எழுத வேண்டும். இப்போது அந்த அவசியம் இல்லை, அந்த விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான்.

பழையமெர்ச்சண்ட்

சரி, அம்மணி, உங்களிடம் வருகிறேன்.

அந்த ராம்பர் கதைதான் உங்கள் லெட்டர். மற்றதெல்லாம் அதற்குத் தோரணம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் கையே அந்தப் பட்டனைத் திறந்து மூடியது. குழந்தைகள் ஆடை செய்கிற ஒருவருக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

பெருமை பேசுவது போல இருக்குமா என்றீர்கள். "நான் மிகத் திறமையானவள்" என்றால் பெருமை. "400 பீஸ் இறங்கியபோது கண்டேன், காரணம் இது, இதைச் செய்தோம்" என்பது இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் யாரும் தன்னைப் புகழ்வதில்லை, பீஸ் எண்ணிக்கைதான் இருக்கும். சூப்பர்வைசர் சண்டையை லெட்டரில் சேர்க்காதீர்கள். பழைய இடத்து ஆளைப் பற்றி எழுதினால், நாளைக்கு நம்மைப் பற்றியும் எழுதுவாள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். நேரில் கேட்டால் அவர் பேரைச் சொல்லாமல் சொல்லலாம். கம்பெனி பேர் ரெஸ்யூமில் இருப்பதால் பையர் பேரும் லெட்டரில் வேண்டாம், "ஐரோப்பிய பையர்" போதும். பையர் ரகசியம் காக்கத் தெரிந்த பெண் என்று அதையும் கவனிப்பார்கள்.

சனிக்கிழமை வேலையைக் கட்டாயம் சேருங்கள். ரசீது இல்லை என்றால் என்ன, பவர் டேபிள்காரரிடம் கேட்டுவிட்டு, விசாரிக்க அவர் நம்பரைத் தரலாம் என்று எழுதுங்கள். திருப்பூரில் பாதி வேலை ரசீது இல்லாமல் நடப்பது விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரியாதா?

ஐந்து வருடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்பது அவர் மனதில் ஓடும் அடுத்த சந்தேகம். உதாரணத்துக்கு, ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் (GOTS) தரநிலையின் 7-ஆம் பதிப்பு 2023-இல் வந்து, 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. நீங்கள் வேலையை விட்டது அதற்கு முன்பு. அவர்கள் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, இரண்டு ராத்திரி உட்கார்ந்து படியுங்கள். குழந்தைகள் ஆடையில் கயிறு பற்றிய ஐரோப்பியத் தரநிலை ஈ.என் 14682-ஐயும் ஒருமுறை புரட்டிக்கொள்ளுங்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் ஹூடில் நாடா இருக்கக் கூடாது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். படித்த பிறகு மட்டும் எழுதுங்கள். படிக்காமல் எழுதினால் இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதில்தான் வரும், நானாக இருந்தால் அப்படித்தான் கேட்பேன்.

"ஐயா" என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்த இடத்தில் மேடம் இருக்கலாம். விளம்பரத்தில் பேர் இருந்தால் பேர், இல்லாவிட்டால் வெறும் வணக்கம்.

லெட்டரைத் தனி ஃபைலாக இணைத்துவிட்டு மெயிலைக் காலியாக அனுப்பாதீர்கள். மெயிலில் நீங்கள் எழுதுவதுதான் லெட்டர், ரெஸ்யூம் மட்டும் இணைப்பு. சப்ஜெக்டில் "ரெஸ்யூம்" என்று மொட்டையாகப் போடாமல் வேலையின் பேர், குழந்தைகள் ஆடை க்யூ.சி. 6 வருடம், உடனே சேரலாம் என்று போடுங்கள். ஃபைல் பேர் "நியூ ஃபைனல் 2" என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். அப்புறம், காலை பதினொரு மணிக்குள் அனுப்புங்கள். ஐரோப்பிய பையர் மெயில் மதியம் 12, 1 மணிக்கு மேல்தான் கொட்ட ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வரும் எந்த விண்ணப்பமும் அடியில் போய்விடும்.

ஹெச்ஆர்_கோவை

நான் பழையமெர்ச்சண்ட் சாரோடு ஓர் இடத்தில் உடன்படவில்லை. இடைவெளிக்கான காரணத்தை எழுதவே வேண்டாம் என்பேன். குழந்தை, மாமியார் என்று எழுதினால், சில இடங்களில் "குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவ் போடுவாள்" என்று ஓரம் கட்டுகிறார்கள். அநியாயம்தான், ஆனால் நடக்கிறது. என் கண் முன்னால் நடந்திருக்கிறது. ஆண்களிடம் யாரும் இந்தக் கணக்குப் போடுவதில்லை. "2020 முதல் இடைவேளை, 2023 முதல் வார இறுதியில் செக்கிங்" என்று தேதி மட்டும் இருந்தால் போதும். கேட்டால் நேரில் சொல்லுங்கள்.

ரெஸ்யூமில் கணவர் பெயர், திருமண நிலை, மதம் எல்லாம் பழைய பயோடேட்டா பழக்கத்தில் போட்டிருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். சம்பள எதிர்பார்ப்பை விளம்பரத்தில் கேட்டிருந்தால் ஒழிய எழுத வேண்டாம்.

பழையமெர்ச்சண்ட்

மேடம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் எடுத்த ஆட்களை வைத்துப் பேசுகிறேன், மற்ற மேனேஜர்கள் எப்படி என்று நான் உத்தரவாதம் தர முடியாது. முடிவு அம்மணியுடையது.

செக்கிங்டேபிள்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் ஆகிவிட்டது, காட்ஸ் படித்து முடிக்க நேரமானது. பையனைத் தூங்க வைத்துவிட்டு அகராதியோடு உட்கார்ந்தேன். புதிதாக எழுதியது இது:

"வணக்கம். ஜூனியர் மெர்ச்சன்டைசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். திருப்பூரில் 6 வருடம் குழந்தைகள் ஆடையில் குவாலிட்டி பார்த்திருக்கிறேன், கடைசி 2 வருடம் லைன் க்யூ.சி.

2019-இல் ஓர் ஐரோப்பிய பையரின் 3,000 பீஸ் ராம்பர் ஆர்டரில், 400 பீஸ் தைத்திருந்த நிலையில் ஸ்னாப் பட்டனைச் சுற்றித் துணி கிழிவதைக் கண்டேன். 160 ஜி.எஸ்.எம் ஜெர்சியில் ஒட்டு கேன்வாஸ் விடுபட்டிருந்தது. மேனேஜரிடம் பீஸைக் காட்டி லைனை நிறுத்தினோம். 400 பீஸுக்கும் பட்டன் பட்டியை மாற்றினோம். 90 நியூட்டன் சோதனையில் தேறி, குறித்த தேதியில் சரக்கு போனது.

2020-இல் குடும்பப் பொறுப்புக்காக வேலையை விட்டேன், இப்போது முழு நேரம் வரத் தடை இல்லை. 2023 முதல் அவிநாசியில் ஒரு பவர் டேபிள் யூனிட்டுக்கு வாரம் ஒரு நாள் ஃபைனல் செக்கிங் செய்கிறேன், உரிமையாளரிடம் விசாரிக்கலாம். காட்ஸ் 7-ஆம் பதிப்பைப் படித்திருக்கிறேன்.

மெர்ச்சன்டைசிங் நேரடியாகச் செய்ததில்லை. பையரின் கமென்ட் ஷீட்டை வைத்து லைனில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேலை தினமும் செய்திருக்கிறேன். எக்ஸெல்லில் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் போடத் தெரியும். அழைத்தால் மறுநாளே வர முடியும்."

மாமியார், குழந்தை இரண்டையும் விட்டுவிட்டு "குடும்பப் பொறுப்பு" என்று நடுவில் நின்றுவிட்டேன். மெர்ச்சன்டைசிங் செய்ததில்லை என்ற வரியை வைக்கவா, எடுக்கவா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். வீட்டுக்காரர் எடு என்றார். நான் வைத்துவிட்டேன்.

பழையமெர்ச்சண்ட்

வைத்தது சரி. இல்லாததை இல்லை என்று சொல்கிற ஆளின் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டை நம்பலாம். ஒரே ஒரு திருத்தம்: "நிறுத்தினோம்" என்பதை "நிறுத்தச் சொன்னேன்" ஆக்குங்கள். அங்கே "நான்" வேண்டும். "மாற்றினோம்" அப்படியே இருக்கட்டும், அது எல்லோரும் சேர்ந்து செய்தது.

பைபாஸ்_ரைடர்

அக்கா, எனக்கும் இதே மாதிரி ஒன்று எழுத வேண்டும். டையிங் யூனிட் ஃபாலோஅப்பில் இருக்கிறேன். என் கதையை இங்கேயே போடட்டுமா, புதுக் கேள்வியாகப் போடட்டுமா?

செக்கிங்டேபிள்

புதுசாகப் போடுங்க தம்பி, லாரியில் தூங்கியிருந்தால் அதையும் சேர்த்து.

இன்று காலை 9.40-க்கு மெயில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், ரெஸ்யூம் இணைக்க மறந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் "இணைப்பு விடுபட்டது, மன்னிக்கவும்" என்று இன்னொரு மெயில். க்யூ.சி. என்று சொல்லிக்கொண்டு இப்படிச் செய்துவிட்டேனே என்று இருக்கிறது.

பழையமெர்ச்சண்ட்

மைனர் டிஃபெக்ட். விடுவார்கள். வெள்ளி, சனி ஷிப்மென்ட் நெருக்கடியில் இருப்பார்கள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஒரு போன் போடுங்கள்.